ஆறாவது வளைவு

அந்தப் பழைய ஜீப்பைக் குவாரி லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறை வாசலில் விட்டுவிட்டுப் போய் மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் மெக்கானிக் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பானெட்டைத் தூக்க அவருக்கென்ன கையா இல்லை? மனசுதான் இல்லை. அந்த முன் சீட்டில்தான் அவருடைய ஒரே தங்கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். மலைப்பாதையின் உச்சியில், எந்தப் பக்கமிருந்து ஏறினாலும் ஆறாவதாக வரும் வளைவில் இன்ஜின் கொதித்து, புகையாய்க் கக்கி, நின்றுவிட்டது. நாற்பது நிமிடம் கழித்து வந்த ஒரு லாரியில் ஏற்றி, மலைக்கு இந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். தங்கையின் உயிர் போயிருந்தது.

அது நடந்து நாற்பத்து மூன்று நாள்.

வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் சாவியோடு ஒரு செய்தியும் சொல்லிவிட்டுப் போனான். "உங்க மாப்பிள்ளை சொல்லச் சொன்னாரு. என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லணுமாம். அவருதான் காரணம்னா அவருதான்னே சொல்லணுமாம்."

மாப்பிள்ளை என்றால் தங்கையின் புருஷன். மலைக்கு அந்தப் பக்கம் கல்குவாரியில் சூப்பர்வைசர். அதிர்ந்து பேசாத மனிதர். கல்யாணமான இருபத்து நாலு வருஷமும் மெக்கானிக் அவரை "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்று தாங்கியவர்தான். ஆனால் தங்கையை எடுத்துக்கொண்டு போன அன்று, வீடு நிறைய ஆட்கள் நிற்க, மெக்கானிக் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து உலுக்கி, "ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தக்கூட உனக்குக் கை வரலையாடா? கொன்னுட்டியே! என் தங்கச்சியக் கொன்னுட்டியே!" என்று கத்தினார். "காலைல தண்ணி பாக்கல மச்சான். பாக்கல" என்று மட்டும் மாப்பிள்ளை சொன்னார். அவ்வளவுதான், கூடியிருந்தவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளையின் மகளுக்கும் வேண்டியிருக்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண். அன்றைக்கே ஒரு பையை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தவள், அப்பாவின் போனை இன்றுவரை எடுக்கவில்லை. வரும் ஞாயிறு காலை பஸ்ஸில் தூரத்து ஊருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். ஞாயிறுக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை டீ டம்ளரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தவள் போகாமல் நின்றாள். "மாமா, அந்த வண்டியைப் பாருங்களேன். அப்பா தண்ணி ஊத்தாததுதானா, இல்ல வேற ஏதாவதான்னு எனக்குத் தெரியணும். வேற ஏதாவதுன்னா நான் போய் அவரைப் பாத்துட்டு ஊருக்குப் போறேன்."

"தண்ணி இல்லாததுதான்னா?"

"அப்படியே கிளம்பிடுவேன்."

டீயை வைத்துவிட்டு எழுந்தார். ஒரு குடும்பத்தின் தலையெழுத்து ஒரு பானெட்டுக்கு அடியில் கிடக்கிறது என்றால் எத்தனை நாள்தான் அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்க முடியும்?

அவர் வேலை செய்கிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அந்தத் தெருவில் அவருக்கு 'எண்ணிக்கை' என்று ஒரு பட்டப்பெயர். இன்ஜினில் எதைக் கழற்றினாலும் திறந்த வாய்கள் அத்தனையிலும் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒரு நட்டு உள்ளே விழுந்துவிடக் கூடாது, தூசி போய்விடக் கூடாது. வேலை முடிந்ததும் துணிகளை எடுத்து எண்ணித் தகரப் பெட்டியில் போடுவார். பன்னிரண்டு இருந்தால்தான் சாவியைத் திருப்புவார். "இந்த ஆளு கல்யாணத்துக்குப் போனாக்கூட, பந்தியில எத்தனை இலைன்னு எண்ணிட்டுத்தான் கைய வைப்பாரு" என்று எதிர் டயர் கடைக்காரர் கிண்டல் செய்வார். துணிகளைத் தைத்துக் கொடுத்தவள் தங்கைதான். மகளின் பழைய பள்ளிச் சீருடை, பச்சைக் கட்டம் போட்டது. அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்து, மூலையில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சும் போட்டிருந்தாள். "கறுப்பு மசியில பச்சை தெரியாதுண்ணே. சிவப்பு தெரியும்" என்பாள்.

ரேடியேட்டரை நிரப்பினார். மூடியின் ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தார், நன்றாக இருந்தது. பெல்ட் முறுக்காக இருந்தது. ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்த்தார். பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீரையும் ஆயிலையும் பிரிக்கிற கேஸ்கட் போயிற்று என்று அர்த்தம். ஆயில் சுத்தமாக இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று கால் மணி நேரம் குனிந்தபடி நின்றார். ஒரு குமிழி இல்லை. சூடானதும் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, டீ போடுகிற பாத்திரத்தில் வெந்நீரில் போட்டார். சமர்த்தாக வாயைத் திறந்தது. மறுபடி மாட்டி முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். சூட்டு முள் நடுவில் போய் நின்றது, நின்றதுதான்.

அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்பதை மறைப்பானேன்? 'நான் சொன்னது சரி' என்று ஓடியது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, தண்ணீர்தான் இல்லை, அவன்தான் கொன்றான். அந்த நினைப்பு வயிற்றெரிச்சலுக்கு நடுவில் அவருக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

"அப்போ அப்பாதானா மாமா?"

மருமகள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. முகம் செத்துப்போயிருந்தது. மூக்கும் கண்ணும் அப்படியே அவள் அம்மா. மெக்கானிக்கால் அந்த முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

"அவசரப்படாதம்மா. நின்ன இடத்துல ஓடுறது ஒரு ஓட்டமா? நாளைக்கு மலையில ஏத்திப் பாக்கறேன்."

சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு கேன் தண்ணீரோடு கிளம்பினார். நாலாவது வளைவு வரை முள் அசையவில்லை. செங்குத்தான ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போட்டு உறுமவிட்டதும் முள் நகர ஆரம்பித்தது. ஐந்தாவது வளைவில் முக்காலுக்கு வந்தது. ஆறாவது வளைவில் சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர்! தன் கையால் ஊற்றிய தண்ணீர்! அப்படியிருந்தும் கொதிக்கிறதே!

ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பானெட்டைத் தூக்கி, கையாலேயே ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்தார். சத்தம் ஏற ஏற, ரேடியேட்டரின் அடியிலிருந்து இன்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ், வெறும் பையை உறிஞ்சின மாதிரி ஒட்டிச் சப்பிப்போயிற்று. கம்பியை விட்டார், உப்பிக்கொண்டது. இழுத்தார், மறுபடி சப்பியது.

"அட, சனியனே! நீதானா?" என்று அந்த நடுக்காட்டில் வாய்விட்டுக் கத்தினார். ஏற்றத்தில் பம்ப் வேகமாக உறிஞ்சும்போது ஹோஸ் மூடிக்கொள்கிறது, தண்ணீர் சுற்றாமல் நின்றுவிடுகிறது. சமதளத்தில் ஆயுசுக்கும் தெரியாது. உடனே மருமகளுக்குப் போன் போட்டார்.

"குட்டிம்மா, ஹோஸ்தான். தயாரிச்சவன் செஞ்ச கோளாறு. தண்ணி நிறைய இருந்தாலும் கொதிக்குது. உங்கப்பா மேல எந்தத் தப்பும் இல்லடி."

மறுமுனையில் அவள் விம்மி விம்மி அழுதாள். "அப்பாவுக்குப் போன் பண்றேன் மாமா. வரச் சொல்றேன்" என்றாள். மெக்கானிக் தான் சட்டையைப் பிடித்ததை நினைத்தார். காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தார்.

இத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் சோதிக்காமல் வண்டியை வெளியே விடுகிற ஆள் இல்லையே அவர். டவுனுக்கு இறங்கி, உள்ளே ஸ்பிரிங் வைத்த கெட்டியான ஹோஸாகப் பார்த்து வாங்கி மாட்டிக்கொண்டு, மதியம் மறுபடி மலை ஏறினார். ஐந்தாவது வளைவிலேயே முள் சிவப்புக்கு வந்தது. பதறிப்போய்ப் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். புது ஹோஸ் கல்லு மாதிரி நின்றது. அப்படியானால் சப்பிப்போனது ஹோஸின் குற்றம் இல்லை. அதற்கு முன்னால், ரேடியேட்டருக்குள்ளேயே, எதுவோ தண்ணீரை விடமாட்டேன் என்று மறிக்கிறது.

பட்டறைக்குத் திரும்பி ரேடியேட்டரைக் கழற்றினார். பழக்க தோஷம், இன்ஜின் பக்கம் திறந்த வாய்கள் நாலிலும் நாலு துணியை அடைத்தார். ரேடியேட்டரைப் பெஞ்சில் நிறுத்தி மேலே குழாயைச் சொருகினார். கீழே தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. குழாயை இன்னும் திருகினார். கொட்டியது குறைந்து, நூலாகி, சொட்டாகி, நின்றது. கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுத் துழாவினார். எதுவோ மெத்தென்று மாட்டியது. இழுத்தார். வந்தது.

துருப்பிடித்த தண்ணீரில் ஊறிப்போன ஒரு துணி. மூலையில் சிவப்பு முடிச்சு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஞாபகம் வராமல் என்ன செய்யும்? மூன்று மாதத்துக்கு முன்னால் இதே ஜீப்புக்குத் தண்ணீர் பம்ப் மாற்றினார். முடித்துத் துணிகளை எண்ணினால் பதினொன்று. பெஞ்சுக்கு அடியில், கழிவு டிரம்மில் எல்லாம் தேடினார். வீட்டுக்குப் போக வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த தங்கை சிரித்தாள். "அண்ணே, ஒரு துணிக்கா இந்தத் தேடல்? கைய துடைச்சு எங்கயாவது போட்டிருப்ப. நான் வேற தைச்சுத் தரேன், விடு." அவரும் விட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, எண்ணிக்கை குறைந்தும் சாவியைக் கொடுத்தார். அடுத்த வாரமே அவள் புதுசாக ஒன்று தைத்து அனுப்பினாள். பெட்டியில் மறுபடி பன்னிரண்டு ஆயிற்று, அவரும் மறந்துபோனார். வாய்க்குள் ஆழமாகத் திணித்த துணி, ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் நழுவிப்போயிருக்கிறது. முதலில் ஒரு மூலையில் ஒட்டிக் கிடந்து, நாளாக ஆக வாய்ப் பக்கம் நகர்ந்து, சமதளத்தில் சும்மா மிதந்தாலும் ஏற்றத்தில் பம்ப் இழுத்த வேகத்தில் வாயை அடைத்திருக்கிறது. நெஞ்சு வலியோடு அவள் உட்கார்ந்து வந்த அன்று, ஆறாவது வளைவில் அடைத்திருக்கிறது.

வெளியே பேச்சுக்குரல் கேட்டது. மெக்கானிக் துணியைப் பிழிந்து பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

அப்பாவும் மகளும் கையைப் பிடித்தபடி வந்தார்கள். மாப்பிள்ளை பாதி ஆளாக இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, நாற்பது நாள் பட்டினி கிடந்தவனுக்கு ஒரு வாய் கிடைத்த மாதிரி. "மச்சான்" என்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் மெக்கானிக் வாயைத் திறந்தார். சத்தியமாக அப்படித்தான் திறந்தார். மருமகள் அப்பாவின் தோளில் சாய்ந்து நிற்பதைப் பார்த்ததும் வார்த்தையை மென்று விழுங்கிவிட்டார். ஹோஸ் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். அப்பனும் மகளும் சேர்ந்துவிட்டார்கள், யாருக்கு நஷ்டம்? பாக்கெட்டின் ஈரம் தொடையில் இறங்கியது.

"ஹோஸ்தான் மாப்பிள்ளை" என்று பழைய ஹோஸை எடுத்து நீட்டினார். "உள்ளே ஸ்பிரிங் இல்ல. அதான் சப்பிப்போச்சு."

மாப்பிள்ளை அதை வாங்கி அழுத்திப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் போயிற்று. பக்கத்தில் கிடந்த டயரில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பம்ப் மாத்தின அன்னைக்கு ஹோஸும் மாத்தணும்னு நீங்க எழுதிக் குடுத்த கடையில இது இல்ல மச்சான். வர நாலு நாள் ஆகும்னாங்க. அவ சொன்னா, அண்ணன் அந்தக் கடையிலதான் வாங்கச் சொல்லியிருக்கு, இருந்து வாங்கலாம்னு. நான்தான் கேக்கல. பக்கத்துக் கடையில ஏதோ ஒண்ணை எடுத்துட்டு வந்துட்டேன்." ஹோஸை மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ நான்தான். எப்படிச் சுத்தி வந்தாலும் நான்தான்."

அவர் தோளைப் பிடித்திருந்த மகளின் கை தளர்ந்தது. பிடியை விடவில்லை, தளர்ந்தது. அதை மெக்கானிக் பார்த்தார்.

"இல்ல" என்றார். குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்துப் பெஞ்சில் விரித்தார். "ஹோஸ் இல்ல. புது ஹோஸ் போட்டும் கொதிச்சுது. இதுதான் உள்ள இருந்துச்சு. நான் பம்ப் மாத்தினப்ப வெச்சது. எடுக்காம விட்டுட்டேன்."

மருமகள்தான் முதலில் கிட்டே வந்தாள். பச்சைக் கட்டத்தை விரலால் தடவினாள். "என் யூனிஃபார்ம். அம்மா தைச்சது."

"அன்னைக்கு ஒண்ணு குறையுதுன்னு தேடினீங்களே" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா."

"வேற தைச்சுத் தரேன்னு அவ சொன்னாளே."

"ஆமா மாப்பிள்ளை. கழட்டிப் பாத்திருக்கணும். பாக்கல. அத்தனை பேர் முன்னாடி உங்க சட்டையைப் பிடிச்சேன். கொன்னுட்டீங்கன்னு சொன்னேன். கொன்னது நான். இப்பக்கூட ஹோஸ்னு பொய் சொன்னேன் பாருங்க." அவர் கை கூப்பினார். "அடிங்க மாப்பிள்ளை. எதையாவது எடுத்து அடிங்க."

அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மாப்பிள்ளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மகள் அப்பாவின் மார்பில் முகத்தைப் புதைத்து, "என்னை மன்னிச்சிருப்பா, என்னை மன்னிச்சிருப்பா" என்று அழுதாள். மாமா பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவள் அடங்கும் வரை முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு மாப்பிள்ளை சொன்னார்.

"வண்டியை மாட்டிக் குடுங்க மச்சான். இவளுக்கு நாளைக்குப் பஸ். இன்னைக்கு ஒரு நாளாவது வீட்டுல இருந்துட்டுப் போகட்டும்."

மெக்கானிக் மாட்ட ஆரம்பித்தார். அடைத்த துணிகளை எடுக்கிற நேரம் வந்தபோது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்று உள்ளங்கையை நீட்டினார். மெக்கானிக் முதல் துணியை உருவி அந்தக் கையில் வைத்தார்.

"ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"ரெண்டு."

"மூணு."

"நாலு." மாப்பிள்ளை நீட்டிய கையை மடக்கவில்லை. "இன்னும் இருக்கா?"

"இல்ல மாப்பிள்ளை. நாலுதான் வெச்சேன்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

குரலில் கோபம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் கிளம்புகிறவர் அடுப்பை அணைத்தாயா என்று கேட்பாரே, அப்படித்தான் கேட்டார். மெக்கானிக் மறுபடி குனிந்து, ஒவ்வொரு வாயிலும் விரலை விட்டு அடி வரைக்கும் தடவிப் பார்த்தார். "இல்ல மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை நாலு துணியையும் தகரப் பெட்டியில் போட்டார். பெஞ்சில் கிடந்த ஐந்தாவதை மகள் எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு போய் முன் சீட்டில், அம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. போகிறேன் என்று இருவரும் சொல்லவில்லை. இவரும் எதிர்பார்க்கவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. மாப்பிள்ளைதான்.

"ஆறாவது வளைவைத் தாண்டிட்டோம் மச்சான். முள்ளு நடுவுலயே நிக்குது."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். பின்னணியில் ஏற்றத்தில் சீராக உறுமிக்கொண்டிருந்த இன்ஜினின் சத்தம் மட்டும் அரை நொடி மெக்கானிக்கின் காதில் விழுந்தது. ஒரு குறையும் இல்லாத சத்தம். தங்கையை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட ஆத்திரத்தில் கத்தினாரே தவிர, அவர் அழவில்லை. இப்போது தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எதிர் டயர் கடைக்காரர் ஓடி வந்து என்ன என்ன என்று கேட்கிற அளவுக்கு, வாய்விட்டு அழுதார்.